மணலி புதுநகரில் 24 ஆண்டுகள்: குடியிருப்பவனின் அனுபவம்

வடசென்னையில் உள்ள மணலி புதுநகரில் மனை வாங்கலாமா என்று கேட்கும் உறவினர்கள் பெருகிவிட்டதால், 24 ஆண்டுகளாக அங்கே குடியிருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அன்றைய மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969இலும், மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் என்ற உர ஆலை 1971இலும் மணலியில் உற்பத்தியைத் தொடங்கின. ஆலைகள் பெருகிய இந்தப் பகுதியில், மாநகரின் நெரிசலைக் குறைக்கும் துணை நகரமாகச் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மணலி புதுநகரை உருவாக்கியது. தெற்கே மறைமலை நகர் பிறந்ததும் அதே எண்ணத்தில்தான். மனைகள் அளந்து பிரிக்கப்பட்டவை என்பதால் தெருக்கள் நேராக இருக்கின்றன; லாரி திரும்பும் அகலமும் உண்டு. வடசென்னையின் பழைய சந்துகளில் வளர்ந்த எனக்கு அது பெரிய ஆறுதல். 2011இல் மாநகராட்சி விரிந்தபோது நாங்களும் அதில் சேர்ந்தோம். விம்கோ நகருக்கு மெட்ரோ ரயில் வந்தபின் பயணமும் ஓரளவு எளிதாகிவிட்டது, ஆனால் பொன்னேரி நெடுஞ்சாலையின் கண்டெய்னர் லாரிகளைக் கடந்துதான் நிலையத்தை அடைய வேண்டும்.

குறை என்றால் தண்ணீர்தான். கொசஸ்தலை ஆற்றையொட்டிய தாழ்நிலம் இது. ஆற்றின் மேலே உள்ள பூண்டி நீர்த்தேக்கத்தில் மதகைத் திறந்தால் உபரி நீர் எங்கள் பக்கமாகத்தான் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போக வேண்டும். அங்கே கடல் ஏற்றமாக இருந்தால் ஆறு வடியாமல் தேங்கி, வானம் வெளுத்த பிறகும் தெருவுக்குள் ஏறும். 2015, 2021, 2023 என மூன்று முறை இதைக் கண்டோம். மனைகளை இவ்வளவு கவனமாகப் பிரித்தவர்கள் ஆற்றுக்கு உரிய இடத்தையும் அதே கவனத்தோடு அளந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மழை இல்லாத மாதங்களில் நிலத்தடி நீரின் உப்பு வேறு. மீஞ்சூர்ப் பகுதியில் ஆலைகளுக்காகவும் பாசனத்துக்காகவும் பல ஆண்டுகள் அளவுக்கு மீறி நீர் எடுத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்ததை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

ஆகவே மனை பார்க்க வருபவர்கள் பத்திரத்தை மட்டும் பார்க்காமல், பக்கத்து வீட்டுச் சுவரில் வெள்ளக் கறை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதையும் பாருங்கள். அடித்தளத்தைச் சாலையிலிருந்து நான்கடியாவது உயர்த்துங்கள்; மின் மீட்டரையும் மோட்டாரையும் அதற்கும் மேலே வையுங்கள். 2015இல் முழங்காலளவு தண்ணீரில் பிள்ளைகளின் புத்தகங்களை இழந்த நாங்கள், மறு ஆண்டே கடன் வாங்கி வீட்டை உயர்த்திக் கட்டினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் மூன்றாம் படியோடு நின்றது. தெருவில் நான்கு குடும்பங்கள் எங்கள் கூடத்தில் தங்கின.