ராமநாதபுரத்தில் ஒரு மனநல கிளினிக்: தம்பியைக் கூட்டிப் போன அனுபவம்

டோக்கன் போட்டாலும் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், இருக்கிற ஒரே ஃபேனும் டோக்கன் கொடுக்கிற பெண் பக்கம்தான் சுற்றும். இருந்தாலும் தங்கச்சிமடத்திலிருந்து பஸ் ஏறி ஒன்றரை வருடமாக அங்கேதான் போகிறோம்.

தம்பிக்கு பைபோலார், அதாவது மனம் ஒரேயடியாகப் பொங்குவதும் சோர்வில் விழுவதுமாக மாறி மாறி வரும் மனநோய். நாலு நாள் தூங்காமல், வலையை விற்றுத் தெருவுக்கே பிரியாணி போட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. டாக்டர் மாத்திரை எழுதுவதற்கு முன்னால் தொழிலைக் கேட்டார். விசைப்படகு என்றதும் வாரத்தில் எத்தனை நாள் கடல், ராத்திரி தூக்கம் உண்டா, தண்ணீர் எவ்வளவு குடிப்பான் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். லித்தியம் பழைய மருந்து, 1949-லேயே பலன் தெரிந்தது, இவனுக்கு அதுதான் ஒத்துவரும், ஆனால் வெயிலில் வியர்த்து உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் ரத்தத்தில் மருந்து ஏறிக் கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வரும் என்றார். அதனால் ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கட்டும், 61 நாள் கரையில்தானே இருப்பான், அப்போது ஆரம்பித்து அளவைப் பிடித்துவிடலாம், அதுவரை ஓலன்சபின் என்ற வேறு மாத்திரை, கடலுக்கு அனுப்பாதீர்கள் என்றார். இப்படி யோசித்த டாக்டரை நான் பார்த்ததில்லை.

வேறு மருந்து இல்லையா என்று கேட்டேன். வால்ப்ரோயேட் சீக்கிரம் கேட்கும், ஆனால் எடை போடும், ஈரலைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்குக் கூடுமானவரை எழுதுவதில்லையாம். லாமோட்ரிஜின் சோர்வில் அதிகம் விழுகிறவர்களுக்கு. மெல்ல மெல்லத்தான் ஏற்றணும், தோலில் தடிப்பு கண்டால் உடனே ஓடிவரணும்.

குறை லேபில்தான். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டிய ரத்தத்தை, ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துவிட்டு, மறுநாள் திரும்ப வரச் சொன்னார்கள். ஒரு மெடிக்கலில் இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் நீட்டினார்கள், அது லித்தியத்தை ஏற்றிவிடும் என்று டாக்டர் சீட்டிலேயே சிவப்பு மையில் எழுதியிருந்தும்! போன மாதம் ரத்தத்தில் லித்தியம் அளவு 0.7, சரியாக இருக்கிறது. கிட்னி, தைராய்டு பரிசோதனை ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

அம்மா இன்னமும் ஏர்வாடி தர்காவுக்கு நேர்ந்துகொள்கிறாள். 2001-ல் மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியோடு நோயாளிகள் 28 பேர் எரிந்துபோன ஊர் என்பதால் எனக்குப் பயம். டாக்டர் தடுக்கவில்லை. "போய்ட்டு வாங்கம்மா, மாத்திரைய மட்டும் விட்றாதீங்க" என்றார்.

ஐந்துக்கு நாலு. போகிறவர்கள் பனையோலை விசிறி ஒன்று எடுத்துப் போங்கள்.