'நோய் தாங்கும்' கப்பி: ஜோடி 60 ரூபாய் தகுமா?

நாகர்கோவிலில் நான் போகும் வண்ணமீன் கடையில் சாதா கப்பி மீன் ஜோடி 30 ரூபாய். பக்கத்துத் தொட்டியில் 'நோய் தாங்கும் ரகம்' என்று மார்க்கரில் எழுதி ஒட்டி 60 ரூபாய்க்கு விற்கிறார்கள்.

"எந்த நோயைத் தாங்கும் அண்ணே?"

"எல்லாத்தையும் தாங்கும் தம்பி, தைரியமா கொண்டு போ."

இந்த 'எல்லாத்தையும்'தான் எனக்கு இடிக்கிறது. ஆனால் மீனை உருவாக்கிய விதத்தில் குறையில்லை. கடைக்குப் பின்னால் தென்னைக்கு அடியில் சிமெண்ட் தொட்டிகள் வைத்திருக்கிறார். ஒரு மழைக்காலத்தில் கப்பிகளின் தோலில் ஒட்டுண்ணிப் புழு பற்றி, துடுப்பைச் சுருக்கிக்கொண்டு சுவரில் உரச ஆரம்பித்திருக்கின்றன. மருந்தாகப் போடும் கல்லுப்பைப் போடாமல் விட்டுவிட்டார். செத்தது போக மிஞ்சியவற்றைத் தாய்மீன்களாக வைத்துக் குஞ்சு எடுத்ததுதான் இந்த ரகம்.

டிரவுட் மீனில் நடந்த கதையும் ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவிலிருந்து ஜெர்மனிக்குக் கொண்டுபோன வானவில் டிரவுட்டில் 1893இல் ஒரு நோய் தெரியவந்தது. நுண்ணிய ஒட்டுண்ணி குஞ்சுகளின் குருத்தெலும்பைத் தின்னும். வால் கறுத்து, மீன் தன்னைத்தானே வட்டமடிக்கும். ஐரோப்பாவின் பழுப்பு டிரவுட் அந்த ஒட்டுண்ணியோடு காலகாலமாக வாழ்ந்ததால் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. வானவில் டிரவுட்டுக்கு அது புதிது. 1950களில் நோய் அமெரிக்காவுக்கே போய்ச் சேர்ந்தது. 1990களில் மொன்டானாவின் மேடிசன் ஆற்றில் வானவில் டிரவுட் சுமார் 90 சதவீதம் குறைந்தது. தீர்வு மறுபடி ஜெர்மனியிலிருந்தே வந்தது. அங்கே ஹோஃபர் பண்ணையில் நோயோடு தலைமுறை தலைமுறையாக வளர்ந்த வானவில் டிரவுட்டுக்கு எதிர்ப்பு இருந்தது. அது குஞ்சுகளுக்கும் இறங்கியது. ஆனால் அது பண்ணையில் சொகுசாக வளர்ந்த மீன், ஆற்றில் பிழைக்கத் தெரியாது. அதனால் அமெரிக்காவின் கொலராடோவில் அதைக் காட்டு ரகத்தோடு கலப்பினம் செய்து ஆற்றில் விட்டார்கள்.

இந்த எதிர்ப்பு அந்தந்த ஒட்டுண்ணியோடு பழகி வந்தது. ஆக, ஒரு ஒட்டுண்ணியைத் தாங்கும் மீன் மற்ற நோயையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. என் வீட்டுத் தொட்டியில் அப்படித்தான் ஆனது. பழைய மீன்கள் உரசிக்கொண்டிருந்தபோதும் கடையின் கப்பிகள் பாட்டுக்குத் திரிந்தன. அப்புறம் தண்ணீர் கெட்டு வால் அழுகல் வந்தபோது முதலில் போனவை அவைதான். நாலைந்து மீனை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது, சரி. இருந்தாலும் அட்டையில் 'தோல் புழு தாங்கும்' என்று எழுதினால் நியாயம்.

வாங்குபவர்கள் ஆண் மீனை ஒரு தொட்டியிலிருந்தும் பெண் மீனை இன்னொரு தொட்டியிலிருந்தும் கேட்டு வாங்குங்கள், முகம் சுளிக்காமல் பிடித்துத் தருவார். ஒரே குடும்பத்துக்குள் பெருக்கினால் கப்பிகளின் ஒட்டுண்ணி எதிர்ப்பு தேய்ந்துவிடும்.

இன்னொன்று, கடையில் மீன் தீனியாக டியூபிஃபெக்ஸ் புழுவை டீ கப்பில் 20 ரூபாய்க்கு விற்கிறார். டிரவுட்டின் அந்த ஒட்டுண்ணி பாதி வாழ்க்கையை ஓட்டுவது இந்தப் புழுவுக்குள்தான். கப்பிக்கு அந்த நோய் வராது என்றாலும், சாக்கடைச் சேற்றில் எடுத்த புழுவை நான் தொட்டியில் போட மாட்டேன்.

60 ரூபாய் தகும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மதியத்துக்கு மேல்தான் கடை திறக்கும். கவரில் ஆக்சிஜன் அடிப்பதில் மட்டும் கஞ்சம். மார்த்தாண்டம், குலசேகரம் வரை போகிறவர்கள் கூடுதலாக அடிக்கச் சொல்லுங்கள்.