கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு எந்த உப்பு?

கல் உப்பு, அயோடின் கலந்த தூள் உப்பு, இந்துப்பு, இரும்பும் அயோடினும் சேர்ந்த இரட்டைச் சத்து உப்பு. குன்னூர்க் கடைக்காரரிடம் எதைக் கேட்பது? ருசி பார்த்து வாங்குகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. வீட்டில் கர்ப்பிணியோ பால் கொடுக்கும் தாயோ இருந்தால் கணக்கே வேறு.

மலை மண்ணில் பொதுவாக அயோடின் குறைவு. மழை அதைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். அங்கே விளையும் கேரட்டையும் உருளைக்கிழங்கையும் இதற்கு நம்ப முடியாது. அயோடின் இல்லாமல் தைராய்டு ஹார்மோன் சுரக்காது, அது குறைந்தால் சிசுவின் மூளை வளர்ச்சி தடைபடும். கர்ப்பத்தின் முதல் பாதியில் குழந்தை பெரும்பாலும் தாயின் ஹார்மோனை வைத்துத்தான் வளர்கிறது. பிறந்த பிறகு தாய்ப்பால். ஒரு வயது வரை குழந்தைச் சாப்பாட்டில் உப்பே சேர்க்க வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள். ஆக, நாம் பேசுவது அம்மா தட்டில் விழும் உப்பைப் பற்றித்தான்.

இந்துப்பு விலை அதிகம், அயோடின் மிகமிகக் குறைவு. தள்ளிவிடலாம்.

கல் உப்பில்தான் சிக்கல். அயோடின் சேர்த்த கல் உப்பும் பாக்கெட்டில் வருகிறது, சரி. ஆனால் அயோடின் படிவது கல்லின் மேற்பரப்பில். அழுக்குப் போக ஒரு தடவை அலசினால் அதுவும் போச்சு. மழைக்காலத்தில் ஜாடி உப்பு நீர் விட்டுக்கொள்ளும். அடியில் தேங்கிய தண்ணீரைச் சாய்த்துக் கொட்டும்போது அயோடினையும் சேர்த்தே கொட்டுகிறோம். மூட்டையிலிருந்து அளந்து தரும் உப்பில் அயோடின் இருக்கிறதா என்பதே சந்தேகம். அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று 2006 முதல் தடை இருந்தும் இந்த நிலை.

என் ஓட்டு தூள் உப்புக்கு. சட்டப்படி, கடைக்கு வரும்போது கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 250 மைக்ரோகிராம். அதற்காக உப்பை அள்ளிப் போடக் கூடாது. பால், முட்டை, மீன் கை கொடுக்கட்டும். மூடி இறுக்கமான டப்பாவில் வைத்து, அடுப்பை அணைக்கும் நேரத்தில் உப்புச் சேர்த்தால் இழப்பு குறையும்.

இரட்டைச் சத்து உப்பைத் தமிழ்நாடு உப்பு நிறுவனமே தயாரிக்கிறது. பெரியவர்களுக்கு நல்லதுதான். ஆனால் ஒரு கிராமில் இருக்கும் இரும்பு ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். சிட்டிகை உப்பு சாப்பிடும் குழந்தைக்கு அதில் என்ன கிடைத்துவிடும்? ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை அரசு தரும் இரும்புச்சத்து சிரப்பில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம், வாரம் இரண்டு தடவை. அந்த இடத்தை உப்பு நிரப்பாது.

வர்க்கி பிஸ்கட்டை டீயில் நனைத்து ஊட்டுவது நீலகிரியில் பல வீடுகளில் உண்டு. டீயில் உள்ள டானின் இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. சிரப் கொடுக்கும் நேரத்தில் மட்டுமல்ல, இரண்டு வயது வரை குழந்தைக்கு டீயே வேண்டாம், பாட்டி கோபித்துக்கொண்டாலும்.