மன அழுத்தத் தலைவலி: மாத்திரையா, தசைத் தளர்வா?

நெற்றியைச் சுற்றி நாடா கட்டி இறுக்கியது போல, இரு பக்கமும் அழுத்துகிற வலி. மன அழுத்தத்தோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் இந்த வகைதான். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ வந்து, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட தலைவலி.

வேகத்தில் பாராசிட்டமால்தான் ஜெயிக்கும். எப்போதாவது வரும் வலிக்கு அது போதும், தயங்க வேண்டாம். பழக்கமாகும்போதுதான் சிக்கல்: மாதம் 15 நாள் வீதம் மாதக்கணக்கில் விழுங்கினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். காஃபின் கலந்த கூட்டு மாத்திரைகளுக்கு எல்லை இன்னும் குறைவு, 10 நாள்தான்.

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சி நேர் எதிர். தோள், கழுத்து, தாடை என ஒவ்வொன்றாகச் சில விநாடி இறுக்கி, மெல்லத் தளர்த்த வேண்டும். மண்டை பிளக்கும் நேரத்தில் இது பெரிதாக உதவாது. பலன் தெரியவே வாரங்கள் ஆகும். ஆனால் வலி வரும் நாட்களையே குறைக்கக்கூடியது இதுதான். செலவும் இல்லை. (தைலமா? நெற்றியில் புதினா எண்ணெய் தடவினால் ஓரளவு கேட்கும்.)

அடிக்கடி அவதிப்படுகிறவர்களுக்கு என் ஓட்டு பயிற்சிக்கே. திடீரென்று தாங்க முடியாத வலி வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ இரண்டையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.