‘கொள்ளையன் சிக்கினான்’, ‘சிறுவனிடம் விசாரணை’: இருவகைத் தலைப்புகள்

ஒரே சம்பவத்தை இரண்டு நாளிதழ்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று ‘கைவரிசை காட்டிய இளம் கொள்ளையன் சிக்கினான்’ என்கிறது. மற்றொன்று ‘திருட்டு வழக்கு: 16 வயதுச் சிறுவனிடம் விசாரணை’ என்கிறது.

முதல் தலைப்பில், செய்ததாகச் சொல்லப்படும் செயலே ஆளின் பெயராகிவிடுகிறது. ‘சிக்கினான்’ என்ற வினைமுற்று, அதுவரை அவன் தப்பித் திரிந்தவன் என்ற எண்ணத்தையும் சேர்த்து விதைப்பதால், வழக்கு தொடங்கும் முன்பே வாசகர் மனத்தில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. பின்னாளில் அவன் நிரபராதி என விடுவிக்கப்பட்டாலும், அக்கம்பக்கத்தார் நினைவில் தங்குவது ‘கொள்ளையன்’ என்ற சொல்தான். இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இரண்டாவது தலைப்பு குற்றச்சாட்டை மறைக்கவில்லை. வயதையும் வழக்கின் நிலையையும் முன்வைக்கிறது. சிறார் நீதி குறித்து 1985இல் ஐ.நா. ஏற்ற பெய்ஜிங் விதிகளில் 8ஆவது, சிறாரை அடையாளம் காட்டும் தகவலை வெளியிடலாகாது என்பதோடு, முத்திரை குத்துவதால் நேரும் தீங்கையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையோ, குற்றம் நிரூபிக்கப்படும்வரை சிறாரை நிரபராதியாகவே கருத வேண்டும் என்கிறது.

இரண்டாவது நடையில் பாதிக்கப்பட்டவரின் இழப்பு மங்கிவிடும் என்ற மறுப்பு நியாயமானதே. ஆயினும் அந்த இழப்பைச் செய்தியின் உள்ளே விரிவாக எழுதலாம். அதற்குச் சிறுவனைக் கொள்ளையன் என்றழைக்கத் தேவையில்லை.