திகில் முன்னோட்டம் எடுக்கக் கற்றுத்தந்த கேமராவுடன் மூன்று ஆண்டுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்கள் சூழ்ந்த டொங்காட்டில் என் அத்தை மகனும் நானும் 2022இல் தொடங்கிய 90 நொடித் திகில் முன்னோட்டத்தை முடிக்க மூன்று ஆண்டுகள் ஆயின. பழையதாக வாங்கிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (சிறிய உணரி கொண்ட, லென்ஸ் மாற்றக்கூடிய) கேமரா, அதனுடன் வந்த 14-42 மி.மீ. ஜூம் லென்ஸ், எஃப்/1.7 திறப்புள்ள (இந்த எண் சிறிதானால் உள்ளே வரும் ஒளி அதிகம்) 25 மி.மீ. லென்ஸ், கேமராவைச் சீராக நகர்த்த 80 செ.மீ. நீள ஸ்லைடர் ஆகியவையே எங்கள் முதலீடு. இடையில் ஆசைப்பட்டு வாங்கிய, கையில் பிடித்தாலும் கேமராவை ஆடாமல் வைக்கும் கிம்பல் ஆறு மாதம் அலமாரியில் தூங்கி, பின்னர் விலைபோனது.

முதல் பாடம் மின்சாரத்தைப் பற்றியது. அமெரிக்கக் காணொளிகளில் சொன்னபடி நொடிக்கு 30 பிரேம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 நொடி என்று வைத்து எடுத்த காட்சிகளில், குழல்விளக்கின் ஒளி கருமையான பட்டைகளாகத் திரையில் ஊர்ந்தது. பேய் தானாகவே வந்துவிட்டது என்று முதலில் சிரித்தோம். அமெரிக்காவில் மின்னோட்டம் 60 ஹெர்ட்ஸ், தென்னாப்பிரிக்காவில் 50 ஹெர்ட்ஸ் என்பது புரிந்ததும் 25 பிரேம், 1/50 என்று மாற்றினோம், பட்டைகள் மறைந்தன.

2023இல் சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, இலவசமாகக் கிடைத்த இருட்டில் படமெடுக்கலாம் என்று மகிழ்ந்ததே நாங்கள் செய்த பெரிய தவறு. இருட்டில் எடுத்தால் இருட்டு பதிவாவதில்லை. புள்ளிப்புள்ளியாக நெளியும் சாம்பல் நிறமே பதிவாகிறது. இந்தக் கேமராவில் ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்திறன் 1600ஐத் தாண்டினால் அந்த நெளிவு கண்ணை உறுத்துகிறது. ஆகவே, தேவையானதைவிட ஒரு ஸ்டாப் கூடுதல், அதாவது இருமடங்கு வெளிச்சத்தில் எடுத்துவிட்டு, தொகுப்பின்போது ஒளியைக் குறைப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். கேமராவின் வெண்சமநிலையை (எந்த நிற ஒளியை வெள்ளையாகக் காட்டுவது என்ற அமைப்பை) மஞ்சள் விளக்குக்கு ஏற்ற 3200 கெல்வினில் வைத்து, பகலொளி நிறத்து எல்.இ.டி. விளக்கைச் சன்னலுக்கு வெளியே நிறுத்தினால், அதுவே நீல நிலவாகிவிடுகிறது. அந்த ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரிய அறையில் புகை வேண்டுமே! ஆயா வெள்ளிக்கிழமைகளில் போடும் சாம்பிராணி, புகைக் கருவியின் வேலையைச் செய்தது. படப்பிடிப்புக்குப் பின் லென்ஸைத் துடைக்க மட்டும் மறக்கக் கூடாது.

பின்னணி மட்டும் பெரிதாகி நெருங்கி வர, முகம் அதே அளவில் நிற்கும் டாலி ஜூம் உத்திக்கு நாங்கள் செலவழித்த வார இறுதிகளுக்குக் கணக்கில்லை. லென்ஸின் குவியத் தூரம் (மி.மீ. எண்) எத்தனை மடங்காகிறதோ, முகத்துக்கும் கேமராவுக்கும் உள்ள தொலைவும் அத்தனை மடங்காக வேண்டும். 14இலிருந்து 42 வரை போவது மூன்று மடங்கு என்பதால், முகத்திலிருந்து 40 செ.மீ. தொலைவில் தொடங்கி 120 செ.மீ.க்குப் பின்வாங்கினால் ஸ்லைடரின் 80 செ.மீ. நீளம் சரியாகப் பொருந்தியது. ஆனால் ஜூம் கூடக் கூட லென்ஸின் திறப்பு எஃப்/3.5இலிருந்து எஃப்/5.6க்குச் சுருங்கி, முகம் பாதிவழியில் இருண்டது. தொடக்கத்திலேயே எஃப்/5.6 என்று வைத்து, விளக்கை நெருக்கியபின்தான் அது சீரானது. ஒருவர் ஸ்லைடரைத் தள்ள, மற்றவர் ஜூம் வளையத்தைத் திருப்ப, இருபதாவது முயற்சியில் தேறியது. தானியங்கிக் குவியம் இருட்டில் இலக்குத் தேடி அலைவதால், அதை அணைத்துவிட்டுக் கையால் குவிப்பதே மேல்.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த டாலி ஜூம் முன்னோட்டத்தில் இரண்டு நொடிதான் வருகிறது. பார்த்தவர்களை அச்சுறுத்தியதோ வேறு காட்சி: வெள்ளைச் சேலையில் ஆயா சன்னலைப் பார்த்து அமர்ந்திருக்க, சட்டகத்தின் பெரும்பகுதியை வெற்றுச் சுவருக்கு விட்டு, கேமரா 12 நொடியில் வெறும் 30 செ.மீ. முன்னேறுகிறது. ஆயா திரும்புவதில்லை. அதைப் பார்த்துவிட்டு, "என்னடா, உயிரோட இருக்கும்போதே என்னைப் பேயாக்கிட்டீங்களா?" என்று கேட்டவர், மறுபடியும் ஒருமுறை போடச் சொன்னார்.