நைட்ரஜனா, சாதா காற்றா?

பெட்ரோல் பங்கில் காற்றுக் குழாய்ப் பக்கம் வண்டியை விட்டதுமே கேட்பார்கள்: "நைட்ரஜனா, நார்மலா சார்?" ஓடுகிற நாலு டயருக்கும் சாதா காற்றே போதும் என்பதுதான் என் பதில்.

சாதா காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. ஆக்சிஜன் சுமார் 21. நாம் காசு கொடுப்பது அந்த ஆக்சிஜனை வெளியேற்றத்தான். ஆனால் அது வெளியேறுகிறதா? 28 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று இருக்கும் டயரில் அப்படியே நைட்ரஜனை ஏற்றி 33 ஆக்கினால், உள்ளே நைட்ரஜன் 78-லிருந்து சுமார் 80 சதவீதம் ஆகும், அவ்வளவுதான். பழைய காற்றை முழுக்க இறக்கிவிட்டு அடித்தால்தான் 90-ஐ ஒட்டி வரும். அடுத்த முறை அடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், இறக்குகிறார்களா என்று.

சரி, ஒழுங்காக இறக்கியே அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பலன் இருக்கிறது. ரப்பர் வழியாக ஆக்சிஜன் சீக்கிரம் கசியும், நைட்ரஜன் மெதுவாகத்தான் கசியும். அமெரிக்காவில் பொருட்களைச் சோதித்துச் சொல்லும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 31 மாடல் டயர்களை 30 பிஎஸ்ஐயில் நிரப்பி ஒரு வருடம் ஓட்டாமல் வைத்துப் பார்த்தது. சராசரியாகக் காற்று 3.5 பிஎஸ்ஐ இறங்கியது, நைட்ரஜன் 2.2. ஒரு வருடத்துக்கு வித்தியாசம் 1.3 தான். மாதம் ஒரு முறை இலவசமாகக் காற்று பார்க்கிறவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

நைட்ரஜன் சூட்டில் விரியாது என்பார்கள். விரியும். 10 டிகிரி ஏறினால் இரண்டுமே கிட்டத்தட்ட 1.5 பிஎஸ்ஐ ஏறும். ஈரம்தான் வேறுபாடு. கம்ப்ரஸர் டேங்கில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடாத கடையில் அதுவும் காற்றோடு டயருக்குள் போகும். நைட்ரஜன் காய்ந்தே வரும்.

விமானத்தில் நிலைமையே வேறு. 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோவில் மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 கிளம்பிய சிறிது நேரத்தில், பிரேக் சூடேறி டயர் வெடித்தது. அதில் இருந்தது நைட்ரஜன் அல்ல, காற்று; கடும் சூட்டில் அதிலுள்ள ஆக்சிஜன் எரிய உதவும், நைட்ரஜன் உதவாது. விமானம் விழுந்து 167 பேரும் இறந்தார்கள். அந்த இடத்தில் நைட்ரஜன் உயிர் காக்கும் விஷயம், பேரமே கிடையாது.

சைக்கிள்காரர்கள் வழியில் பஞ்சரானால் சின்னக் குப்பியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு ஏற்றுவார்கள். நொடியில் நிரம்பும், ஆனால் ரப்பரில் சீக்கிரம் ஊடுருவிப் போய்விடும். வீட்டுக்கு வந்து காற்று மாற்ற வேண்டியதுதான்.

நைட்ரஜனில் எனக்குப் பயமே வேறு. நைட்ரஜன் அடித்தாயிற்று, இனி பார்க்க வேண்டாம் என்று எங்கள் வீட்டிலும் நாலு மாதம் விட்டுவிட்டோம். திருச்சி கிளம்பும் முன்பு சும்மா கேஜ் வைத்தால் பின்டயரில் 22! ஆணி ஏறியிருந்தது. ஆணி போட்ட ஓட்டையில் எந்த வாயுவும் நிற்காது. காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் மடிந்து மடிந்து சூடாகும். மே மாத வெயிலில் நாற்கர சாலையில் அது வெடித்தால் என்ன ஆகும் என்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது. பின்சீட்டில் குழந்தைகள் இருந்தார்கள். அன்றிலிருந்து மாதம் ஒரு நாள், வண்டி ஓடிச் சூடாகும் முன் காலையிலேயே பார்த்துவிடுகிறேன்.

அப்புறம், நைட்ரஜன் டயரில் காற்றைக் கலந்தால் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைந்திருந்தால் கிடைத்ததை அடித்துக்கொண்டு போங்கள்.

நான் காசு கொடுத்து நைட்ரஜன் அடிப்பது ஸ்டெப்னிக்கு மட்டும்தான். டிக்கிக்குள் கிடக்கும் அதை மாதாமாதம் வெளியே எடுத்துப் பார்க்க என்னால் முடிவதில்லை.